சிரிக்க வைக்கும் படம் வரையப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, ஊரில் நடக்கும் அநியாயங்களைச் சிரிக்கச் சிரிக்க வரைய வேண்டும், பார்ப்பவர் சிரித்து முடித்த பிறகு அவருக்கு உறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசை. கோபத்தை வரைவது எளிது, அழுகையை வரைவது அதைவிட எளிது. சிரிப்பு அப்படியல்ல. கை கொஞ்சம் பிசகினால் வெறும் நக்கலாகிவிடும். இன்னும் கொஞ்சம் பிசகினால், ஏற்கெனவே அடி வாங்கியவரை நீயும் சேர்ந்து அடித்ததாகிவிடும்.

இந்த வழியில் நடக்க நினைக்கிறவர்களுக்கு நான் காட்டும் மனிதர் ஒருவர்தான், பூபேன் கக்கர். 1934-ல் பம்பாயில் பிறந்து 2003-ல் பரோடாவில் மறைந்தவர். அவரை நேரில் அறியேன், அவர் படங்களோடுதான் பழக்கம். அந்தப் பழக்கத்திலும், வண்ணத்தோடு கழிந்த என் ஆயுளிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இன்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலது பத்து வருஷம் கழித்துத்தான் உதவும்.

1. பிழைப்புக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வதைக் கேவலமாக நினைக்காதே. கக்கர் பட்டயக் கணக்காளர். 1962-ல், நண்பர் குலாம் முகம்மது ஷேக்கின் தூண்டுதலில் பரோடாவுக்குப் போய்க் கலை விமர்சனம் படித்தார். ஓவியர் என்று பெயர் வாங்கிய பிறகும் அங்கே ஒரு தொழிற்சாலையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சோற்றுக்குக் கணக்குப் புத்தகம் இருந்ததால், எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை அவருக்கு வரவில்லை. வாங்குபவர் முகம் சுளிப்பாரே என்று தூரிகையைத் தயங்கித் தயங்கி வைப்பவரால் கேலி வரைய முடியாது. அந்த வேலை அவருக்கு மனிதர்களையும் கொடுத்தது. 1972-ல் அவர் வரைந்த ஒரு படத்தின் நாயகர், உதவிக் கணக்காளர் ஐ. எம். படேல். அலுவலகத்தில் நாலு பேருக்கு மேல் தெரியாத ஒரு பதவி, ஓவியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

2. யாரை வரைகிறாயோ அவர் பக்கத்தில் போய் உட்கார். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கக்கர் ஒரு வரிசைப் படங்கள் வரைந்தார். நாவிதர் கடை, 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' என்ற தையல்கடை, 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' என்ற கடிகாரக் கடை. சின்னக் கடை, அதற்குள் தன் வேலையில் மூழ்கிய மனிதர், அவரைச் சுற்றி அவருடைய சாமான்கள். பெயிண்டர் பலகைக்கு அடிப்பது போன்ற பளீர் நிறங்கள், கொஞ்சம் விறைத்த உடம்புகள். முதல் பார்வையில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் நின்றால், அந்த மனிதரைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை என்பது புரியும். எண்ணெய் வண்ணமும் பெரிய கேன்வாஸும் தேவர்களுக்கும் ராஜாக்களுக்கும் ஆழ்ந்த தத்துவங்களுக்கும் மட்டுமே உரியவை என்று நம்பியிருந்த ரசனையைத்தான் அந்தப் படம் கேலி செய்கிறது. தையல்காரர் ஏன் இந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று கேட்கிறது. கேலி எந்தத் திசைக்குப் போகிறது, மரியாதை எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்த்தாயா? ஒரே படத்துக்குள் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன.

பக்கத்தில் உட்காராமல் இது வராது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் சலூன் படம் ஒன்று வரைந்தான். கண்ணாடிகள், சினிமா நடிகர் படங்கள், பவுடர் டப்பா எல்லாம் அருமை. தெருமுனை சலூன்காரர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கத்தரியை யாரும் இப்படிப் பிடிக்க மாட்டாங்க தம்பி" என்றார். பிறகு தன் கத்தரியை எடுத்துக் காட்டினார். பெருவிரல் ஒரு வளையத்தில், மோதிர விரல் இன்னொரு வளையத்தில், சுண்டுவிரல் அந்தச் சின்ன வால் மேல். பெருவிரல் மட்டும்தான் அசைகிறது, மற்ற விரல்கள் அசைவதே இல்லை. படத்தில் இருந்த கை, வீட்டில் காகிதம் வெட்டுகிற கை. அவர் கோபப்படவில்லை. ஆனால் அந்தப் படம் தன்னைப் பற்றியது இல்லை என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருவருடைய கைத்தொழிலைச் சரியாகப் பார்க்காமல் அவரைக் கேலி செய்ய உனக்கு உரிமை கிடையாது. பார்த்த பிறகு, அவரைக் கேலி செய்யும் ஆசையே பெரும்பாலும் போய்விடும். அவரை அங்கே அப்படி வைத்திருக்கும் உலகத்தின் மேல் அந்த ஆசை திரும்பும். அப்போதுதான் நீ வரையத் தொடங்க வேண்டும்.

3. மட்டமான ரசனை என்று மற்றவர்கள் ஒதுக்கியதை எடுத்துப் பார். கக்கர் 1965-ல் பம்பாயில் காட்சிக்கு வைத்த ஆரம்பகாலப் படைப்புகள், கடைகளில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டிச் செய்தவை. படித்த ரசிகர்கள் முகம் சுளிக்கும் பொருள் அது. அவரோ அந்த அச்சுப் படங்களின் ரோஜா நிறத்தையும் மயில்கழுத்து நீலத்தையும் உண்மையாகவே நேசித்தார். அதனால்தான் பின்னாளில் அந்த நிறங்கள் அவருடைய சொந்த நிறங்கள் ஆயின. உனக்கு இதைக் கற்கப் பரோடாவுக்குப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்கினார்கள்! உன் பாட்டி வீட்டில் இருந்திருக்கும். அதை இறக்கித் தூசி தட்டி, எந்த இடத்தில் ஒளி விழுகிறது, நகை எப்படி மின்னுகிறது, கன்னத்தின் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று பார். பார்த்துப் பழகிய பிறகு அதைப் பகடி செய்வதானால் செய்துகொள்.

4. காதையும் தீட்டிக்கொள். கக்கர் குஜராத்தியில் கதைகளும் நாடகமும் எழுதியவர். நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்களின் பேச்சு அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. 1971-ல் வரைந்த ஒரு படத்துக்கு 'செங்கோட்டை அருகில் ஸ்ரீ சங்கர்பாய் வி. படேல் அவர்களின் உருவப்படம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். ஸ்டுடியோவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சட்டம் போட்டு மாட்டும் குடும்பத்தின் குரல் அதில் முழுசாக இருக்கிறது. உன் படத்துக்குத் 'தேடல்' என்றும் 'விடியலை நோக்கி' என்றும் பெயர் வைக்காதே. கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் கடைப் பலகையையும் படி. தலைப்புகள் அங்கே கிடைக்கும்.

5. கீழே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்காதே. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நிறம், உடம்பு, ஊனம், சாதி, வறுமை, பேசும் பேச்சின் வழக்கு, இவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது நம் சினிமாவில் நீண்ட கால வழக்கம். கறுப்பாக இருப்பவரைக் காட்டினாலே அரங்கம் சிரிக்கும் என்று நம்பி எத்தனை படம் எடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு சமூகத்தை ஒருநாளும் விமர்சித்ததில்லை. ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு மெருகுதான் போட்டது. பேராசைக்காரரை வரையும்போது தொப்பையையும் தடித்த உதட்டையும் தேடி உன் கை தானாகவே போகும். நிறுத்து. தொப்பை பேராசை அல்ல. அவர் கையெழுத்துப் போடும் விதம், எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லாத விதம், மேஜை மேல் கண்ணாடிக்கடியில் அவர் வைத்திருக்கும் படங்கள், பேராசையையும் ஆணவத்தையும் அங்கே தேடு.

6. உன்னையும் படத்துக்குள் நிறுத்து. 1972-ல் தன் கண்காட்சிக்காக கக்கர் ஒரு கையேடு போட்டார். அதில் தன்னையே ஜேம்ஸ் பாண்ட் போலவும் விளம்பர மாடல் போலவும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். கணக்கருக்குள் இருக்கும் கதாநாயகக் கனவை ஊருக்குக் காட்டும் முன் தன்னிடமே காட்டிக்கொண்டார். ஆனால் இந்தப் பாடத்தின் முழு உயரம் 1981-ல் வரைந்த படத்தில்தான் இருக்கிறது. 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்பது அதன் பெயரின் பொருள். இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நமக்குப் பள்ளியிலேயே சொல்லித் தந்த கதைதான். அப்பனும் மகனும் கழுதையோடு போகிறார்கள். மகன் ஏறினால் ஒரு பேச்சு, அப்பன் ஏறினால் ஒரு பேச்சு, இருவரும் ஏறினால் இன்னொரு பேச்சு. கடைசியில் கழுதையும் போய்விடுகிறது. கக்கர் அந்தக் கதையை ஒரு சாதாரண ஊரின் தெருக்களில், ஒரே கேன்வாஸில் பல கட்டங்களாக நடக்கவிடுகிறார். பழைய சுவரோவியங்களில் ஒரே ஆள் பல இடங்களில் வருவது போல அந்த மூவரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முன்பக்கத்தில் ஒரு மாடி முகப்பு. அதில் ஒருவர் ஆடையில்லாமல், நமக்கு முதுகு காட்டி நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது கக்கர்தான். ஆண்களை நேசிப்பவர் தாம் என்பதைப் பல காலம் மறைத்து வாழ்ந்தவர், தாயார் காலமான பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், தூரிகையால் ஊரறியச் சொன்னார். அன்று அத்தகைய உறவு சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் அதைக் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது 2018-ல்தான், அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்து.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் சொல்வோம். அந்த ஊரை அவர் எப்படி வரைந்திருக்கிறார் என்று பார். பழிக்கவில்லை. வீடுகள் அழகாக இருக்கின்றன, மரங்கள் அழகாக இருக்கின்றன, மனிதர்கள் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். தன்னை ஒடுக்கிய ஊரையும் நேசித்துக்கொண்டே, இனி உனக்காக நான் ஆடை உடுத்த மாட்டேன் என்று சொல்லும் படம் அது. ஊரைக் கேலி செய்பவர் ஊருக்கு வெளியே நிற்கக் கூடாது, தானும் அங்கே வெட்டவெளிச்சமாக நிற்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது உன்னை நீயே வரைந்து பார். உன் பொறாமை, உன் சாதி வீட்டின் முற்றம், உன் பயம், எல்லாம் அதில் வரட்டும். வெளியே காட்ட வேண்டும் என்பதில்லை.

7. சிரிப்புக்கு அடியில் இருக்கும் தனிமையை விட்டுவிடாதே. கக்கரின் படம் ஒன்று, 1976-ல் வரைந்தது. பிளாஸ்டிக் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நேருக்கு நேராக நம்மைப் பார்க்கிறார். சுற்றிலும் சின்னச் சின்னக் காட்சிகளாக அவருடைய வாழ்க்கை. வாடாத பூ, வாழாத முகம். முதலில் பூவைப் பார்த்துச் சிரிப்போம், பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வோம். 1979-ல் இங்கிலாந்து போய் ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கினோடு தங்கியிருந்தபோது மதுக்கடைகளில் தனியே அமர்ந்திருக்கும் ஆண்களைப் பார்த்தார். பணக்கார நாட்டைக் கண்டு மிரளவும் இல்லை, இளப்பமாகப் பேசவும் இல்லை. 'மதுக்கடையில் ஒரு மனிதர்' என்ற பொருளில் தலைப்பு வைத்து, அந்தத் தனிமையைத்தான் வரைந்தார். வெளிநாடு போனால் கட்டடங்களை விட்டுவிட்டு, தனியே சாப்பிடுகிறவர்களைப் பார்.

8. அதிகாரத்தைக் கேலி செய்தால் விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே செய். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு சிரிப்புப் படத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. நீதிமன்றம் போனார், வென்றார். இழப்பீடாகக் கிடைத்தது 1,000 ரூபாய். அந்தத் தொகைக்காகவா போயிருப்பார்? நீ அந்த அளவுக்கு உறுதி வரும்வரை அமைச்சர்களை வரையாமல் இருந்தால் தவறில்லை. உன் தெருவில் வரைய நிறைய இருக்கிறது. ஆனால் வரைந்துவிட்டால், யாராவது கண்ணை உருட்டியதும் "சும்மா தமாஷுக்கு" என்று சொல்லாதே. அந்த வார்த்தையைச் சொன்ன நாளோடு உன் படங்களின் பல் விழுந்துவிடும்.

9. சிரிப்பு வராத இடத்தில் அதை இழுத்து வராதே. புற்றுநோயோடு போராடிய கடைசி ஆண்டுகளில் கக்கர், வயிற்றில் குண்டு பாய்ந்த ஒருவரை வரைந்தார். ஆண்டு 2001. அதில் சதையும் காயமும்தான். நகைச்சுவைக்குப் பெயர்போனவர் என்பதற்காக அங்கே அவர் நம்மைச் சிரிக்கச் சொல்லவில்லை.

10. பாராட்டையும் விலையையும் ஒரே இடத்தில் வை, நீ வரையும் இடத்திலிருந்து தள்ளி. கக்கருக்கு 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1992-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சிக்கு அழைக்கப்பட்டார். 2016-ல் டேட் மாடர்ன் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியபோது லண்டன் நாளிதழ் விமர்சகர் ஒருவர் கடுமையாகத் தாக்கி எழுதினார், இங்கிருந்து பலர் பதிலடி கொடுத்தார்கள். 2019-ல் அவருடைய காசி ஓவியம் ஒன்று லண்டன் ஏலத்தில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இந்தக் கடைசி இரண்டும் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. கணக்கு எழுதிவிட்டு வந்து வரைந்த நாட்களில் இதில் எதுவும் அவர் கண்ணில் தெரிந்திருக்காது.

11. இனி, போன மாதம் நீ அனுப்பிய ரேஷன் கடைப் படம். வரிசையின் வளைவும் பாமாயில் பாக்கெட்டுகளின் மஞ்சளும் நன்றாக வந்திருக்கின்றன. கடைக்காரருக்குப் பன்றி முகம் போட்டிருக்கிறாய், அது வேண்டாம். வரிசையில் நிற்பவர்களுக்கு முகமே போடவில்லை, அதுதான் பெரிய குறை. ஒருநாள் காலையில் போய்க் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நின்று பார். விரல் ரேகை வைக்கும் இயந்திரம் கிழவிகளின் விரலைப் படிக்காது. ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை அழிந்த விரல்கள் அவை. எங்கள் கடையில் அந்த ஊழியர் என்ன செய்கிறார் தெரியுமா? பாட்டியின் பெருவிரலைத் தன் சட்டை நுனியால் துடைக்கிறார். படியவில்லை. பாட்டி அதைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுகிறாள். படியவில்லை. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக. வரிசையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், பாட்டி உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். உழைத்ததால் ரேகை போனவளிடம், நீ நீதானா என்று இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஊழியரின் கையும் பாட்டியின் விரலும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைப் படத்தின் நடுவில் வை. அவர் முகம் களைத்திருக்கட்டும். உன்னையும் வரிசையில் பையோடு நிறுத்து. பெரிய கேன்வாஸில் வேண்டாம், முதலில் பென்சிலில் போட்டு அனுப்பு. விரல்களை மட்டும் தனியாக ஒரு பக்கம் முழுக்க வரைந்து சேர்த்து அனுப்பு.